செங்காந்தளும் தாத்தாவின் கால் பெருவிரலும்

எங்கள் பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் வேலி ஓரங்களில் செங்காந்தள் பூத்திருப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநிலப் பூ இதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவதும் காந்தள்தான். ஆனால் என் தாத்தாவுக்கு அது வெறும் கண்வலிக்கிழங்கு. "விஷம், தொடாதே" என்பார். அந்தப் பூவுக்கும் அவருடைய கால் வலிக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பது எனக்கு வெகு நாள் தெரியாது.

தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தார். கவுட் என்றார்கள். "அது கறியும் சாராயமும் சாப்பிடுகிறவனுக்கு வரும் நோயாச்சே!" என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். தாத்தா இரண்டையும் தொடாதவர். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே மாதங்களை ஓட்டினார். கடைசியில் ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர் சொன்னார்: "பெரியவரே, நோவு காலில் இருக்கு, காரணம் கிட்னியில் இருக்கு."

மனிதர்கள் இதைக் கண்டுபிடிக்க இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆயிற்று நண்பர்களே! கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே இந்த நோய் தெரியும். நம் நாட்டுச் சரக சம்ஹிதையில் 'வாதரக்தம்' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதற்கு 'ஆட்யவாதம்', அதாவது செல்வந்தர் வாதம் என்றும் ஒரு பெயர். ஐரோப்பாவிலும் அரசர்களின் நோய் என்றுதான் சொன்னார்கள். பழி முழுவதும் சாப்பாட்டின் மேல் விழுந்தது.

1776-இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தார். 1848-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட், கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் அது மிகுந்திருப்பதைக் காட்டினார். பிற்பாடு அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ரத்தத்தின் தெளிந்த நீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, ஒரு நூல் துண்டைப் போட்டு வைப்பார். நூலின் மேல் யூரிக் அமிலம் படிகமாகக் கோத்து நிற்கும். சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததும் காரணம் என்று அவர் வாதிட்டார். அவருடைய கவுட் நோயாளிகளில் பலர் ஈயத்தோடு புழங்கும் பெயிண்டர்களும் குழாய் வேலைக்காரர்களும்! ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆக, 'அரசர் நோய்' அப்போதே கூலிக்காரர்களிடமும் இருந்திருக்கிறது.

மருந்தின் கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுஸ்ஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கவுட்டுக்கு ஒரு ரகசிய மருந்து விற்றார். அதில் இருந்தது கால்சிகம் என்ற செடி என்று பிறகு தெரிந்தது. அதன் சத்துதான் கால்சிசின். அதே கால்சிசின் நம் செங்காந்தளிலும் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதன் விதைக்காகவே பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். (கிழங்கை யாரும் மருந்தென்று தின்றுவிடாதீர்கள், உயிர் போகும்.)

இதில் ஒரு சங்கடம். கால்சிசினை வெளியேற்றுவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது பழுதான ஒருவருக்கு வழக்கமான அளவே விஷமாகலாம். தாத்தா விழுங்கிய வலி மாத்திரைகளோ சிறுநீரகத்தையே மேலும் கெடுப்பவை. பி.பி.க்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் சில யூரிக் அமிலத்தைக் கூட்டும். பாவம் தாத்தா, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி!

வழி திறந்தது 1966-இல். கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குழுவின் அலோப்யூரினால் அந்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது யூரிக் அமிலம் உருவாவதையே குறைக்கிறது. வெளியேற்றும் வாசல் அடைத்துப்போனவருக்கு வரத்தைக் குறைப்பதுதானே வழி! இருவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதை 100 மி.கி. அல்லது அதற்கும் கீழே தொடங்கி, ரத்தத்தில் யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை மெல்லக் கூட்டுகிறார்கள். தொடக்க மாதங்களில் வலி திரும்பவும் வரலாம். தாத்தாவுக்கும் வந்தது. "இந்த மாத்திரைதான் காரணம்" என்று தூக்கிப் போட்டுவிட்டார். குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்தது நான்தான். டாக்டரிடம் மறுபடி அழைத்துப் போனோம். இப்போது காலை டீக்குப் பிறகு ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இந்த ஆடியில் செருப்புப் போட்டுக்கொண்டு தானே கடைவீதி வரை நடந்து போனார்.