நேர்ல பார்த்தா பிரமாண்டம்... போட்டோல மட்டும் ஏன் சப்பையா இருக்கு? - வெட்டவெளியைப் படம்பிடிக்க ஒரு டிராவல் கைடு!

தனுஷ்கோடி சாலையின் கடைசியில், அரிச்சல்முனையில் இறங்குகிறீர்கள். இடப்பக்கம் வங்கக் கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு கீற்று மணல். வாய் பிளந்து நின்று, மொபைலை எடுத்து 'டப் டப்' என்று முப்பது படம் தட்டுகிறீர்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால்... மேலே கொஞ்சம் நீலம், நடுவில் ஒரு கோடு, கீழே கொஞ்சம் மணல். அவ்வளவுதான். "இதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க?" என்று வீட்டில் ஒரு கேள்வி வேறு!

இது மொபைலின் தப்பு இல்லை. நாம் ஓர் இடத்தில் நிற்கும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். காற்று முகத்தில் அடிக்கிறது, அலைச் சத்தம் கேட்கிறது. எல்லாம் சேர்ந்துதான் 'எம்மாம் பெரிய இடம்!' என்று மனசு கணக்குப் போடுகிறது. கேமராவுக்கு இருப்பது ஒரு சின்னச் சட்டம் மட்டுமே. போதாக்குறைக்கு, மொபைலின் மெயின் கேமரா பொதுவாக 24 முதல் 26 எம்.எம். அளவிலான வைடு லென்ஸ். அது தூரத்தில் இருப்பதை எல்லாம் இன்னும் சின்னதாக்கிவிடும். மலை, மேடாகிப்போவது இப்படித்தான்.

அதனால் வெட்டவெளியை எடுக்கும்போது ஒன்றை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. 'இந்த இடம் எவ்வளவு பெருசு' என்று சொல்ல, படத்துக்குள் ஒரு சின்னப் பொருள் வேண்டும். மற்ற டிப்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அளக்க ஒரு ஆள் வேணும்!

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கிட்டத்தட்ட 800 அடி உயரம். அதை மட்டும் எடுத்தால் ஏதோ ஒரு பாறை. அடிவாரப் படிகளில் ஏறும் நாலு பேரைச் சேர்த்து எடுத்துப் பாருங்கள், மலை நிமிர்ந்து நிற்கும். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரோ, கரையில் கிடக்கும் ஒரு வள்ளமோ போதும். வயல்வெளி என்றால் ஒற்றைப் பனைமரம். நமக்குப் பழக்கமான அளவுள்ள எந்தப் பொருளும் அளவுகோல்தான்.

உங்கள் வீட்டு ஆளையே நிற்க வைப்பதாக இருந்தால், கேமராவிலிருந்து நாற்பது, ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முகம் தெரியணும்னு பக்கத்துல நிக்க வெச்சா, அது குடும்ப போட்டோ. அதுவும் ஒண்ணு எடுத்துக்கோங்க, ஆனா தனியா!

முன்னாடி, நடுவுல, பின்னாடி

நல்ல நிலக்காட்சிப் படங்களில் பெரும்பாலும் மூன்று அடுக்குகள் இருக்கும். காலடியில் ஏதாவது ஒன்று (பாறை, பூ, மணல் அலை), நடுவில் ஒன்று (வயல், குளம், சாலை), தூரத்தில் ஒன்று (மலை, மேகம்). கண் முன்னாடியிருந்து பின்னாடிவரை நடந்து போகும். ஆழம் தெரியும். இதற்கு எளிய வழி, குனிவது. நின்றபடி எடுக்கும் படத்துக்கும் முழங்காலிட்டு எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை செய்து பாருங்கள், அசந்துபோவீர்கள்.

அடுத்தது தொடுவானம். அதைப் படத்தின் நடுவில் வெட்டாதீர்கள். வானம் அழகாக இருந்தால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, தரை அழகாக இருந்தால் தரைக்கு இரண்டு பங்கு. ஏரியிலோ உப்பளத்திலோ வானம் அப்படியே பிரதிபலித்தால் மட்டும் நடுவில் வைக்கலாம். கேமரா செட்டிங்ஸில் 'கிரிட்' கோடுகளை ஆன் செய்தால் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து ஊற்றுவதும் நின்றுவிடும்.

0.5 எக்ஸ் என்னும் ஆசை

பெரிய இடம் என்றதும் கை தானாக 0.5 எக்ஸுக்குப் போகும். காலடியில் வலுவான பொருள் இருந்தால் அது கைகொடுக்கும். இல்லையென்றால், இருக்கிற மலையும் கடுகாகிவிடும்.

நேர்மாறாக யோசியுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று 2 எக்ஸ், 3 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். பின்னால் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை காற்றாலைகளுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்து நிற்கும். உங்கள் மொபைலில் டெலி லென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விரலால் இழுத்துப் பெருசாக்கினால், படம் கரகரவென்று ஆகிவிடும்.

வெயில் தாழட்டும்

உச்சி வெயிலில் நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மேடு பள்ளம் தெரியாது, எல்லாம் தட்டையாக இருக்கும். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். வரப்பு, மணல் அலை, பாறை மடிப்பு எல்லாவற்றுக்கும் நிழல் விழும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று மேப்பில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தனுஷ்கோடி மாதிரி இடங்களில் இருட்டிய பிறகு இருக்க விடமாட்டார்கள். செக்போஸ்ட்டில் நேரம் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள்.

மழை விட்ட நேரத்தையும் தவறவிடாதீர்கள். காற்றிலிருக்கும் தூசு கழுவப்பட்டு நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் நாம் எல்லோரும் பார்த்த அந்தப் பச்சைப் புல்மேடு ஞாபகம் இருக்கா? அது கிராஃபிக்ஸ் இல்லை. 1996 ஜனவரியில், மழைக்குப் பிறகு, கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் காரில் போய்க்கொண்டிருந்த சார்லஸ் ஓ'ரியர் என்ற போட்டோகிராபர் சாலையோரம் நிறுத்தி ஃபிலிமில் எடுத்தது.

பருவமும் முக்கியம். காவிரி டெல்டாவில் சம்பா பயிர் நவம்பர், டிசம்பரில் பச்சை. ஜனவரி, பிப்ரவரியில் பொன்நிறம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் தென்காசிப் பக்கம் மேகமும் வெயிலும் மாறி மாறி ஓடும், வயலில் மேக நிழல் நகரும். தூத்துக்குடி உப்பளங்களுக்கு வெயில் காலம்தான் சீசன். அங்கே ஒரு சிக்கல் உண்டு. கேமரா வெள்ளை உப்பைப் பார்த்து 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தத்தையும் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையைத் தொட்டு, சூரியன் போன்ற குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள். அந்திவானத்துக்கு நேர்மாறாகக் கீழே நகர்த்துங்கள், நிறம் தங்கும்.

பஸ்ஸில் போகும்போதே எடுக்கலாமா?

தாராளமாக! லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பு வராது. பக்கத்து மரங்கள் வேகமாக ஓடும், கலங்கும். தூரத்து மலையும் ஏரியும் மெதுவாக நகரும், அவற்றைக் குறிவையுங்கள். புரோ மோடு இருந்தால் ஷட்டர் ஸ்பீடை 1/1000 நொடிக்கு வைக்கலாம். ரயில் படிக்கட்டில் தொங்கி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு...

ஐ.எஸ்.ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11 வரை, டிரைபாட், இரண்டு நொடி டைமர். ஃபோகஸை மலைமேல் வைக்காமல், காட்சியின் ஆழத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்தால் முன்னாடியும் பின்னாடியும் ஓரளவு தெளிவாக வரும். கடற்கரையில் உப்புக் காற்று லென்ஸில் படியும். மொபைலோ கேமராவோ, ஒவ்வொரு தடவையும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். மங்கலான படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு துடைப்பில் தேறிவிடும்.

இதையும் கவனிங்க ப்ளீஸ்!

* தனுஷ்கோடி கடல் குளிக்கிற கடல் இல்லை. நீரோட்டம் பலமானது. போட்டோவுக்காக இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

* மலை வியூ பாயின்ட்டில் கேமராவைப் பார்த்தபடி பின்னால் அடி எடுத்து வைக்காதீர்கள். முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு திரையைப் பாருங்கள்.

* டிரோன் என்றால், 2021 டிரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் உண்டு. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும்.

* நெல் வயலுக்குள் இறங்கி நடப்பது ஒருவருடைய ஆறு மாத உழைப்பை மிதிப்பது. வரப்போடு நின்றுகொள்ளுங்கள்.

* உப்பளத்திலும் வயலிலும் இருப்பவர்கள் உங்கள் படத்துக்கான அளவுகோல் மட்டுமில்லை, வெயிலில் கூலி வேலை செய்பவர்கள். "அண்ணே, அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், எடுத்ததைக் காட்டுங்கள். அந்தச் சிரிப்பு தனி!

நிலம் அப்படியே இருக்காது

ஓ'ரியர் எடுத்த அந்த மேட்டில், பூச்சித் தாக்குதலால் திராட்சைக் கொடிகளை அகற்றியிருந்த காலத்தில்தான் புல் முளைத்திருந்தது. பிறகு அங்கே மறுபடியும் திராட்சை நட்டுவிட்டார்கள். இன்று போனால் அந்தக் காட்சி இல்லை. 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு தனுஷ்கோடியில் ரயில் வந்து போன ஒரு ஊரே இருந்தது. நம் ஊர்ப் பக்கம் இவ்வளவு பெரிய புயலெல்லாம் தேவையில்லை, வயலில் நாலு கல் நட்டு 'பிளாட் விற்பனைக்கு' என்று போர்டு வைத்தாலே போதும்.

அதனால் டூர் போகும் இடங்களோடு நிறுத்தாதீர்கள். சொந்த ஊருக்குப் போகும் வழியில் வரும் ஏரியோ, கரடோ, மேய்ச்சல் நிலமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில், ஒரே ஒரு படம். தேதியோடு தனி ஃபோல்டரில் போட்டு, இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் வீட்டுப் பிள்ளைகள் "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட உங்களிடம் பத்துப் படங்கள் இருக்கும்.