உடம்புக்குள் இருப்பதை யார் ரிப்பேர் பண்ணுவது?

எங்கள் ஆபீஸ் பசங்க நாலு பேர் சனிக்கிழமை ராத்திரியானால் தோப்பும்படியில் இருக்கும் என் வாடகை வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். பகடை உருட்டத்தான். சூதாட்டம் என்று நினைத்து வீட்டு ஓனர் ஒருநாள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார் :-) ஆடுவது "சைபர்பங்க்" என்கிற கதை விளையாட்டு. மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் 1988இல் கொண்டுவந்தது. இவர்கள் வைத்திருப்பது 1990இல் வந்த "சைபர்பங்க் 2020" விதிப் புத்தகம். அதில் எல்லோர் உடம்பிலும் ஏதாவது ஒரு கருவி இருக்கும். இரும்புக் கை, கேமரா கண், காதுக்குள் ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, பொருத்துவதற்கு ஆபரேஷன் உண்டு, பொருத்தப் பொருத்த மனிதத்தன்மை குறையும் என்று ஒரு கணக்கும் உண்டு.

போன மாதம் ஒரு சண்டை. ஒருத்தனுடைய கண் கெட்டுப்போச்சு. அதைத் தயாரித்த கம்பெனி கதைப்படி திவால். இனி யார் ரிப்பேர் பண்ணலாம், வேறு கம்பெனிக் கண்ணை அதே குழியில் மாட்டலாமா? டெக்னீஷியன் பகடை உருட்டி நல்ல எண் விழுந்தால் சரியாகிவிடும் என்கிறான் ஒருவன், முடியவே முடியாது என்கிறான் இன்னொருவன். நான் ஆஸ்பத்திரிக் கருவிகளை சர்வீஸ் பண்ணிப் பிழைப்பவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நிஜ உலகத்தில் இந்தக் கேள்விக்கு அறுபது வருடத்துக்கு மேல் சரித்திரம் இருக்குப்பா என்று ஆரம்பித்தேன். அவர்கள் கொட்டாவி விட்டதால் மிச்சத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் ஆள் ஆர்னே லார்சன், ஸ்வீடன்காரர். 1958 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் உடம்புக்குள் ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். முழுக்க உடம்புக்குள்ளேயே வைத்த முதல் பேஸ்மேக்கர் அதுதான். வடிவமைத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், கத்தி பிடித்தவர் ஓக்கே சென்னிங். ஷூ பாலிஷ் டப்பா அளவில் பிசினில் வார்த்த வட்டம். உள்ளே இருந்த பேட்டரியை வெளியிலிருந்து, தோலுக்கு மேலே ஒரு சுருளை வைத்து சார்ஜ் பண்ண வேண்டும். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. கையில் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். இப்படி ஆரம்பித்த லார்சன் வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாற்றிக்கொண்டார். எல்ம்க்விஸ்ட் 1996இல் போனார், சென்னிங் 2000இல் போனார். லார்சன் 2001 டிசம்பர் வரை இருந்து, 86 வயதில்தான் போனார். அதுவும் இதயத்தால் இல்லை, புற்றுநோயால்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 26 முறையும் யாரும் எதையும் "ரிப்பேர்" பண்ணவில்லை. பேஸ்மேக்கரைத் திறந்து உள்ளே சால்டரிங் வைக்க முடியாது. பெட்டியை எடுத்துவிட்டு வேறு பெட்டி வைப்பதுதான் ரிப்பேர், அதுவேதான் அப்கிரேடும். ஆனால் இதயத்துக்குப் போகிற ஒயர் உள்ளேயே இருக்கும். சில மாதத்திலேயே சதை அதைப் பிடித்துக்கொள்ளும், பிடுங்குவது ஆபத்து. அதனால் புதுப் பெட்டியின் ஓட்டையில் பழைய ஒயரின் முனை பொருந்துமா என்பதுதான் மொத்த விஷயமும்.

பொருந்தாமல் பல வருடம் திண்டாடியிருக்கிறார்கள். ஒரு கம்பெனி ஒயர் முனை 5 மில்லிமீட்டர், இன்னொன்று 6, வேறு சிலருடையது 3.2. அந்த 3.2இலும் ஆளாளுக்கு ஒரு டிசைன். பேட்டரி தீர்ந்து வரும் நோயாளிக்கு அதே கம்பெனிப் பெட்டி வேண்டும், இல்லையென்றால் நடுவில் அடாப்டர் வைக்க வேண்டும். அடாப்டர் என்பது உடம்புக்குள் இன்னும் ஒரு இணைப்பு, ரத்தமும் நீரும் கசிந்து உள்ளே போக இன்னும் ஒரு இடம். 1980களில் டாக்டர்கள் நெருக்கி, கம்பெனிகள் ஒருவழியாக ஒரே மேஜையில் உட்கார்ந்தன. கடைசியில் ஐ.எஸ்-1 என்கிற பொது அளவு வந்தது, 1992இல் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ அதை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஐ.எஸ்-1 ஒயர் வைத்தவருக்கு எந்தக் கம்பெனியின் ஐ.எஸ்-1 பெட்டியையும் மாட்டலாம். கொச்சியில் வைத்த ஒயருக்கு கோயம்புத்தூரில் வேறு பெயர் போட்ட பெட்டி. நோயாளிக்கு இப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த பெரிய விஷயங்களில் இது ஒன்று. யாரும் இதற்குப் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை!

மாற்றவே முடியாத சாமான் என்றால்? அங்கேதான் இதய வால்வு வருகிறது. 1979 முதல் 1986 வரை பியோர்க்-ஷைலி என்ற வால்வின் ஒரு மாடலைக் கிட்டத்தட்ட 86,000 பேருக்கு வைத்தார்கள். சுழலும் வட்டைத் தாங்கிப் பிடிக்கும் கம்பியின் வெல்டிங் சிலருக்கு உடைந்தது. உடைந்தால் பெரும்பாலும் மரணம். 1986இல் விற்பனையை நிறுத்தினார்கள், சரி. ஏற்கெனவே நெஞ்சுக்குள் இருப்பதை என்ன பண்ணுவது? எல்லோருக்கும் திறந்து மாற்றினால் அந்த ஆபரேஷனிலேயே சிலர் சாவார்கள். விட்டால் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. 1992இல் நெதர்லாந்தில் அந்த வால்வு வைத்துக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். பெரிய சைஸ் வால்வும் இளம் வயதும் சேர்ந்தால் உடையும் வாய்ப்பு அதிகம், அப்படிப்பட்டவர்களுக்கு மாற்றலாம், வயதானவர்களுக்கு விட்டுவிடலாம். ஒருத்தர் நெஞ்சுக்குள் குறை இருப்பது தெரிந்தும் "இருக்கட்டும்" என்று சொல்வதற்கு ஒரு விதி!

இதே காலத்தில் நம் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் எஞ்சினியர் புவனேஸ்வரும் இந்திய வால்வு ஒன்றுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று மாடல்கள் தோல்வி. வட்டுக்குச் செயற்கை நீலக்கல் வரை போய்ப் பார்த்துவிட்டு அதையும் விட்டார்கள். நாலாவதில் கோபால்ட் கலந்த உலோகக் கூடு, சாதாரணமாகக் காதில் விழும் ஒரு பிளாஸ்டிக்கின் (பாலிஎதிலீன்தான், ஆனால் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்டது) வட்டு, தையல் போட பாலியஸ்டர் வளையம். 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஒரு வருடத்தில் மூணே முக்கால் கோடிக்கு மேல் தடவை அந்த வட்டு திறந்து மூட வேண்டும். எண்ணெய் விட முடியாது, நட்டு முறுக்க முடியாது. ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன இருபது வயசுப் பெண்ணுக்கு வைத்தால் இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்கக் குடும்பத்திடம் பணமும் இருக்காது. அதனால் "ரிப்பேரே வரக்கூடாது" என்பதுதான் அங்கே விதி. புதுமைக்காக இல்லை, ஏழ்மைக்காக அப்படி டிசைன் பண்ணினார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இனி காது. இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

காக்ளியர் இம்ப்ளான்ட் ரெண்டு பாகம். உள்ளே, எலும்புக்குள் ஒரு ரிசீவரும் நத்தைக் கூட்டுக்குள் போகும் எலெக்ட்ரோடு கம்பியும். வெளியே, காதுக்குப் பின்னால் மாட்டும் ப்ராசஸரும் அதிலிருந்து ஒயரில் போய் மண்டையில் காந்தத்தால் ஒட்டும் காயிலும். உள்ளே இருப்பது பல பத்து வருடம் தாங்கும். வெளியே இருப்பது வியர்வை, மழை, பள்ளிக்கூட ஓட்டம் எல்லாம் பட்டு வெகு சீக்கிரம் தேயும்.

1980களில் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து இனெரெய்டு என்று ஒன்று வந்தது. அதில் ரேடியோவே கிடையாது. காதுக்குப் பின்னால் தோலைத் துளைத்து வெளியே ஒரு பிளக் நீட்டிக்கொண்டிருக்கும், ப்ராசஸரை அதில் சொருக வேண்டும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் எந்தப் புது ப்ராசஸரையும் அதில் சொருகிப் பார்க்கலாம்! பிளேக் வில்சன் குழு 1991இல் "நேச்சர்" இதழில் எழுதிய புது ஒலி முறையைச் சோதித்தது இந்தப் பிளக் வைத்தவர்களிடம்தான். ஆபரேஷன் இல்லாமல், சொருகின உடனே பலருக்குப் பேச்சு முன்பைவிட நன்றாகப் புரிந்தது. அதற்குப் பின் வந்த கருவிகளுக்கெல்லாம் அந்த முறைதான் அடித்தளம்.

தோலில் ஓட்டை என்றால் சீழ் பிடிக்கும், இடிபடும். அதனால் பிளக் போனது. தோலை மூடி ரேடியோவில் பேசும் முறை நிலைத்தது. மருத்துவப்படி சரியான முடிவு. ஆனால் அந்த ரேடியோ மொழியை ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று வைத்துக்கொண்டது. பேஸ்மேக்கருக்கு வந்த மாதிரி ஒரு ஐ.எஸ்-1 காதுக்கு வரவே இல்லை. உள்ளே ஒரு கம்பெனி இருந்தால் வெளியேயும் சாகும் வரை அதே கம்பெனிதான். பழைய உள்பாகத்துக்குப் பொருந்தும் புது ப்ராசஸரைப் பெரிய கம்பெனிகள் கொண்டுவந்துகொண்டுதான் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. விலையையும் "இந்த மாடலுக்கு இனி சர்வீஸ் இல்லை" என்ற தேதியையும் அவர்களே வைப்பார்கள், அவ்வளவுதான்.

கேரள அரசு 2012இல் "ஸ்ருதிதரங்கம்" என்று ஆரம்பித்து, சின்னக் குழந்தைகளுக்கு இலவசமாக இம்ப்ளான்ட் வைத்தது. மத்திய அரசின் அடிப் திட்டம் 2014இலிருந்து ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை கொடுத்தது. தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு. எல்லாமே நல்ல காரியம். ஆனால் திட்டம் போடும்போது ஆபரேஷன்தான் செலவு என்று கண்ணில் படும். பத்து வருடம் கழித்து வரும் ப்ராசஸர் செலவு கண்ணில் படாது. 2023 வாக்கில் பழைய ப்ராசஸர் செத்துப்போன பிள்ளைகளின் விஷயம் கேரளப் பேப்பர்களில் வந்தது.

எங்கள் கீழ் வீட்டுச் சேச்சியின் மகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பு. ஒரு மழைக்காலத்தில் சேச்சி அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "சேட்டா, இது ஒந்நு நோக்காமோ?" நான் மெஷின் ஆள் அல்லவா. பார்த்தேன். ப்ராசஸருக்கும் காயிலுக்கும் நடுவில் போகும் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஒரு சாண் ஒயர்! அதன் ரெண்டு முனையும் அந்தக் கம்பெனிக்கே உரியது, கடையில் கிடைக்காது. கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த மாடல் நிறுத்தியாச்சு, பாகம் இல்லை, எக்ஸ்சேஞ்சில் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சொன்ன தொகை சேச்சியின் வருட வருமானத்தைவிட அதிகம். கடைசியில் யாரோ ஒரு குடும்பம் அப்கிரேடு பண்ணிவிட்டுப் போட்டுவைத்திருந்த பழைய ஒயர் கைமாறி வந்து சேர மூணு மாதமானது. அந்த மூணு மாதமும் அந்தப் பெண் கிளாஸில் டீச்சர் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கே மீன்பிடித் துறைமுகத்தில் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து நம்மூர் ஆழ்கடல் படகுகள் வந்து கட்டும். எஞ்சின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி என்றால் லேத்துப் பட்டறையில் நடுவில் ஒரு பிளேட் கடைந்து மாட்டிவிடுவார்கள், மறுநாள் படகு கடலில். எனக்கு அந்தத் தைரியம் ஒரு ஏழாங்கிளாஸ் பிள்ளையின் காதில் வராது. வரவும் கூடாது. ரேடியோ மொழி தெரியாமல் கரண்டு விட்டால் நரம்பு போகும். அதனால்தான் இது மெக்கானிக் திறமையில் தீர்கிற விஷயம் இல்லை என்கிறேன்.

கம்பெனியே கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆர்கஸ்-2 என்று ஒரு செயற்கை விழித்திரை, அமெரிக்காவின் செகண்ட் சைட் கம்பெனி செய்தது. 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2020இல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. சிலருக்குக் கண் திடீரென்று அணைந்தது, ரிப்பேருக்கு ஆள் இல்லை. 2022இல் "ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்" பத்திரிகை விரிவாக எழுதின பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மொட்டை மாடிப் பஞ்சாயத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு இதை வைத்துத்தான். பகடையில் என்ன எண் விழுந்தாலும் கண் வராது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். மும்பை ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில், அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து எடுத்த பேஸ்மேக்கர்களைச் சுத்தம் செய்து 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் தொற்றும் இல்லை, கருவிக் கோளாறும் இல்லை. (எரிப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி வெடிக்கும்.) ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று கம்பெனி எழுதியிருப்பதால் அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. முனை பொதுவாக இருந்தால் யாரோ ஒருவரின் பெட்டி இன்னொருவருக்கு இப்படிப் பொருந்துகிறது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? 2017இன் மருத்துவக் கருவி விதிகள் தயாரிப்பு, இறக்குமதி, தரம், ஆபத்து வகை எல்லாம் பேசுகின்றன. கருவி உள்ளே போன பிறகு இத்தனை வருடம் பாகம் கிடைக்க வேண்டும் என்று பேஷண்டுக்கு அதில் ஓர் உரிமை கிடையாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை "ரிப்பேர் உரிமை"க்காக ஒரு குழு போட்டது. எடுத்துக்கொண்ட துறைகள் நாலு: விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், ஃப்ரிட்ஜ் வாஷிங் மெஷின் மாதிரி வீட்டுச் சாமான்கள், வண்டிகள். காது அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இம்ப்ளான்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால், எந்த பிராண்டு என்று கேட்பதோடு நிற்காமல், இந்த ப்ராசஸருக்கு ஒயரும் காயிலும் எந்த வருடம் வரை கிடைக்கும் என்று கேட்டு, பதிலை லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆடியாலஜிஸ்டுகள் கோபப்பட மாட்டார்கள். அவர்களும் இதே ஒயரைத் தேடி அலைந்தவர்கள்தான்.