முதுகெலும்புச் சத்திரசிகிச்சை: சிறாரின் நரம்பு அபாயங்களை அறிதல்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோஸிஸ் என்னும் வியாதியால் பீடிக்கப்பட்ட சிறார்க்கு உலோகத் தண்டுகளைப் பொருத்தி வளைவை நிமிர்த்துங்கால், தண்டுவடம் இழுபட்டோ, அதற்குரிய இரத்த ஓட்டம் குன்றியோ, கால்கள் செயலற்றுப்போகும் அபாயம் உண்டு. நடந்து வந்த குழந்தை நடக்கவியலாது போகும் இவ்விபரீதம் அரிதேயாயினும், அந்த அருமை அசிரத்தைக்குக் காரணமாகலாகாது.

அபாயத்தின் அறிகுறிகள் பல வேளை முன்னரே தேகத்தில் தென்படும். நடு முதுகின் கீழ்ப்புறத்தில் மயிர்க்கற்றை, ஒரு பாதம் மற்றதினும் சிறுத்திருத்தல், வயிற்றுத் தோலை மெல்லக் கீறுங்கால் ஒரு புறம் மட்டும் தசை சுருங்காமை ஆகிய இவற்றைக் காணும் வைத்தியர், தண்டுவடம் பிளவுபட்டோ கீழே பிணைப்புண்டோ இருக்கக்கூடுமென ஐயுற்று, எம்.ஆர்.ஐ. படத்தால் தெளிந்த பின்னரே கத்தியை எடுத்தல் தகும். பிறவிக் கோணலும் கடுங்கூனும் அபாயத்தை மிகுவிப்பன.

சிகிச்சையின் நடுவே தண்டுவடம் பழுதுற்றதா என அறிய, 1973-இல் பிரெஞ்சு வைத்தியர் ஸ்தாஞாராவும் சகாக்களும் வெளியிட்ட விழிப்புச் சோதனையில், மயக்கத்தை இடையில் தளர்த்தி, முதலில் கையை மூடச் சொல்லிக் குழந்தை கட்டளையை உணர்ந்ததென உறுதிசெய்துகொண்டு, பின்னரே பாதத்தை அசைக்கச் சொல்வர். ஒரு கணத்தின் நிலையையே காட்டும் இச்சோதனை, சொல் விளங்காத இளஞ்சிறார்க்குப் பயன்படாது.

ஆதலின் இக்காலத்தில் மண்டையின் மீது மின்துடிப்பைச் செலுத்திக் கால் தசைகளின் எதிர்வினையைச் சிகிச்சை நெடுகக் கண்காணிக்கின்றனர். அது குன்றினால், மின்முனைகளையும் மயக்க மருந்தின் அளவையும் சரிபார்த்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, அப்போதும் மீளாவிடில் தண்டுகளைத் தளர்த்துவர்.