பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்



பதுளைக்குக் காவல் நிற்பதுபோல் எழுந்து நிற்கிறது நமுனுகுல மலை. உயரம் 2,036 மீற்றர். ஒன்பது சிகரங்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். சரிவெங்கும் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள். அந்த லயங்களுக்குள் வானொலிப் பாட்டு வந்து சேர்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம். அது பெயர்களின் வரலாறும்கூட.

கொழும்பில் வானொலி ஒலிக்கத் தொடங்கியது 1925இல். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இயங்கிய ஒலிபரப்பு நிலையம், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. அந்தப் பலத்தோடு 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. அதை வழிநடத்தியவர் அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட். தமிழில் அதன் குரலாகப் புகழ்பெற்றவர் எஸ்.பி. மயில்வாகனம். நோக்கம் வியாபாரம்தான்: பாட்டைக் கொடுத்து விளம்பரத்தை விற்பது.

1952இல் இந்தியாவில் அமைச்சர் பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தார். கடலுக்கு அப்பால் இருந்தவர்களும் கொழும்பை நோக்கி வானொலி முள்ளைத் திருப்பினார்கள். டெல்லி மூடிய கதவு கொழும்புக்குச் செல்வமாயிற்று.

ஆனால், மலையகத்துக்கு அந்த வானொலி தந்தது வேறொன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் உண்டு. அது கூலி போடுவதற்கான பெயர். அக்காலத்தில்தான் நேயர் விருப்பம் வந்தது. ஒரு தபாலட்டை எழுதினால் போதும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து வாசிப்பார். அந்தப் பட்டியலில் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் பசறையும் மடுல்சீமையும் ஒரே வரிசையில் நின்றன. சட்டம் எழுத மறுத்த பெயரைக் காற்று சொல்லிற்று. வர்த்தக சேவை எண்ணிப் பாராமல் செய்த பெரும்பணி இது என்பேன்.

1990களின் முற்பகுதியில் அரசின் ஏகபோகம் தளர்ந்தது. தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தன. 1998இல் சூரியன் எப்.எம்., அதே ஆண்டில் சக்தி எப்.எம். இரண்டும் இரவு பகலாகத் தமிழ்ப் பாட்டைக் கொண்டுவந்தன. மத்திய அலைக்கு இருந்த கரகரப்பு எப்.எம்.மில் இல்லை. ஆனால், எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை குறுக்கிட்டால் அதன் பின்பக்கம் நிழல் விழும். அதனால் உச்சிகளில் அஞ்சல் கோபுரங்கள் வேண்டும். ஒரு சரிவில் தெளிவாகக் கேட்கும் பாட்டு மறுசரிவில் மங்கிப்போவது மலைநாட்டுக்குப் புதிதல்ல.

இன்னொரு நிழலும் விழுந்தது. தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி பிடித்தது. அன்று லயத்தில் தொலைபேசி ஏது? துரை பங்களாவிலும் தோட்ட அலுவலகத்திலும்தான் மணி அடிக்கும். சில சதத்துக்குப் பேச முடிந்தவர்கள் சில காலம் வெறும் கேட்பவர்களாகவே நின்றார்கள். கைத்தொலைபேசி மலையேறிய பிறகே அந்தக் குரல்கள் வானொலிக்குத் திரும்பின.

பாட்டு நிலையம் என்றால் ஆபத்தில்லாத தொழில் என்றும் நினைக்க வேண்டாம். செய்தியும் சொன்னதால், 2006இல் சூரியனின் செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் கடத்தப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டார். 2007இல் அதன் தாய் நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை அரசு இரத்துச் செய்தது. பின்னர்தான் அந்தக் குரல் மீண்டும் ஒலித்தது.

நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. பெயர்கள் இடாப்பில் ஏறின. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவற்றை உரக்கச் சொன்னது ஒரு விளம்பர வானொலி. நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் உரிமையாளர் பெயரையும் அலைவரிசை எண்ணையும் மறவாமல் குறிப்பார்கள். பாட்டுக்கு முன்னால் வந்த அந்தப் பெயர்களையும் குறிக்கட்டும்.