உறையைப் பிரித்துப் பார்க்கும் இயந்திரம்

அதிராம்பட்டினத்தில் ஒரு காலத்தில் தபால்காரரை எதிர்பார்த்திராத தெருவே இல்லை. பிழைப்புக்காகச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று கடல் கடந்தவர்களின் கடிதம்தான் வீட்டாருக்கு உயிர். அக்கடிதத்தின் கட்டணத்தை அஞ்சல் நிலையம் எடை பார்த்தே நிர்ணயித்தது. உள்ளே இருப்பது திருமணச் செய்தியா, நலம் விசாரிப்பா என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் புக்-போஸ்ட் என்று வேறொரு முறையும் இருந்தது. அச்சிட்ட தாள்களுக்குக் கட்டணம் குறைவு. அதற்கு ஒரு நிபந்தனை: உறையை ஒட்டக் கூடாது. உள்ளே இருப்பது அச்சுத்தாள்தானா என்று ஊழியர் பார்க்க வேண்டுமல்லவா?

கட்டணம் எடையைப் பொறுத்ததானால் உறை மூடியே இருக்கலாம். உள்ளிருப்பதைப் பொறுத்ததானால் உறை திறந்திருந்தாக வேண்டும். பிராட்பேண்ட் வலையமைப்பில் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த ஒரு பெரிய வழக்கை விளங்கிக்கொள்ள இந்த ஓர் உண்மை போதும்.

பொட்டலம் பிறந்த கதை

பழைய தொலைபேசியில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு மின்தடம் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் தடம் பிறருக்குக் கிடைக்காது. இவ்வீணைத் தவிர்க்கும் வழியை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டனர். செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, பொதுவான தடத்தில் அனுப்புவதே அவ்வழி. அத்துண்டுக்குப் ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் டேவிஸ். நாம் பொட்டலம் என்போம். 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் முதற்செய்தி சென்றது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட் வரை இருக்கும். அதன் தலைப்பில் குறைந்தது 20 பைட்டுகளில் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். வழியிலுள்ள ‘ரௌட்டர்’ என்னும் திசைகாட்டும் கருவிக்கு இதுவே போதுமானது. உள்ளே இருப்பதை அது பார்ப்பதில்லை. தொடக்க காலத்தில் பார்க்க நேரமும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 1,000 கோடி பிட்டுகள் ஓடும் தடத்தில் 1,500 பைட், அதாவது 12,000 பிட் கொண்ட பொட்டலம் கடந்துபோக ஆகும் நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 1.2 பங்குதான்!

சில்லுகளின் வேகம் கூடக்கூட, அந்தக் கண நேரத்திலும் பொட்டலத்தின் உள்ளே தேட முடிந்தது. இதுவே ‘டீப் பாக்கெட் இன்ஸ்பெக்‌ஷன்’ எனப்படும் ஆழ்சோதனை. கோப்புகளைப் பகிரப் பயன்படும் பிட்டாரன்ட் முறையை எடுத்துக்கொள்வோம். அதன் உரையாடல் 19 என்னும் எண்ணுடனும் அம்முறையின் பெயரைக் குறிக்கும் 19 எழுத்துகளுடனும் தொடங்கும். அவ்வரிசை தென்பட்டதும் இயந்திரம் அதை இனங்கண்டுகொள்ளும்.

நெரிசலும் நியாயமும்

இந்த ஆராய்ச்சி எதற்கு? அதற்கு ஒரு நியாயம் உண்டு. பேச்சு 150 மில்லிவிநாடிக்கு மேல் தாமதமானால் உரையாடல் தடுமாறும். திரைப்படக் கோப்பு சில விநாடி தாமதித்தால் குடி முழுகிவிடாது. நெரிசல் நேரத்தில் பேச்சுக்கு முதலில் வழிவிடுவது தவறன்று. 1981இல் வெளியான இணைய நெறிமுறையிலேயே இதற்கென எட்டு பிட்டுகள் தலைப்பில் ஒதுக்கப்பட்டன. உறையின் மேல் ‘விரைவு’ என்று அனுப்புநரே எழுதுவது போன்றது இது.

ஆனால் உறையைப் பிரிக்கும் வல்லமை கைக்கு வந்தபின், அது நெரிசலைத் தீர்ப்பதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டாரன்ட் தொடர்புகளை இனங்கண்டு, ‘தொடர்பை முறித்துக்கொள்’ என்ற போலிப் பொட்டலங்களை அனுப்பியது 2007இல் வெளியாயிற்று. மறு ஆண்டில் அந்நாட்டு ஆணையம் அதைக் கண்டித்தது. அவ்வாணையை 2010இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் இதை வேறு வகையில் அறிவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பல ஆண்டுகள் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போய்ச் சேர்ந்தது. குரல் அழைப்பு மட்டும் எடுபடவில்லை. ஒரே கம்பி, ஒரே செயலி. பொட்டலங்களை இனம் பிரிக்காமல் இத்தகைய தடை இயலாது.

இந்தியாவில் நடந்தது

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக்கட்டணம் அறிவித்தது. வாடிக்கையாளர் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பைட்டுகளில், பேச்சைச் சுமந்த பைட்டுக்கு மட்டும் வேறு விலை! எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அறிவிப்பு கைவிடப்பட்டது. 2015 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனமும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில், குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தன. முன்னது பேச்சுக்கு அபராதம். பின்னது சிலருக்குச் சலுகை. இரண்டுமே உள்ளிருப்பதைப் பார்த்து விலை வைப்பவையே.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் மக்கள் கருத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் கூடாது என ஆணையம் விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். உள்ளடக்கத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதும் தடுப்பதும் கூடாது என்ற பரிந்துரை 2017 நவம்பரில் வந்தது. 2018 ஜூலையில் அரசு அதை ஏற்றது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு விலக்கு உண்டு. அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டால் தடுக்கலாம் என்பதும் விலக்குகளுள் ஒன்று.

உறைக்கு அரக்கு முத்திரை

இதற்கிடையே செய்திகளைச் சங்கேதமாக்கி அனுப்பும் வழக்கம் பரவியது. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் அவ்வாறே செல்கின்றன. உறைக்கு அரக்கு முத்திரை வைத்தாயிற்று. ஆயினும் இயந்திரம் முற்றும் குருடாகிவிடவில்லை. பேச்சு பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாக, விநாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகும். அந்தத் தாளத்தைக் கொண்டே ‘இது பேச்சு’ என்று ஊகிக்கலாம். என்ன பேசினர் என்பதுதான் தெரியாது.

பொட்டலத்தை எவ்வளவு ஆழமாகப் பார்க்க முடியும் என்பதை இயற்பியலும் கணிதமும் தீர்மானிக்கும். பார்த்து அறிந்ததைக் கொண்டு விலை வைக்கலாமா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம். 2015இல் பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதியது அதைத்தான். மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.