டெஸ்லா சுருளுக்கான மின்மாற்றிகள்

டெஸ்லா சுருளை வீட்டிலேயே கட்டி மகிழும் ஆர்வலர்கள், அதற்கு மின்சாரம் ஊட்டப் பயன்படுத்தும் உயர் மின்னழுத்த மின்மாற்றிகள் இவை. வீட்டு மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி ஒரு மின்தேக்கியை நிரப்புவதே இவற்றின் வேலை. அது நிரம்பியதும் பொறியிடைவெளியில் தீப்பொறி பாயும். மின்தேக்கியும் முதன்மைச் சுருளும் சேர்ந்து வினாடிக்கு லட்சக்கணக்கான முறை அதிரும். ஒத்ததிர்வால் துணைச் சுருளின் உச்சியில் மின்கீற்றுகள் கிளம்பும். வேடிக்கை பார்ப்பவரின் கண் அந்த உச்சியில் இருக்கும். கட்டியவரின் கண் அடியில் மின்மாற்றி இருக்கும் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். பெரும்பாலும் அது வேறொரு தொழிலுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கும்.

நிக்கோலா டெஸ்லா 1891 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் தம் உயர் அதிர்வெண் சோதனைகளைச் செய்து காட்டினார். அக்காலத்தில் வீட்டில் சோதனை செய்தவர்களுக்குக் கிடைத்தது ரூம்கார்ஃப் தூண்டுசுருள். மின்கலத்தில் ஓடும், கொடுக்கும் திறன் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்பொறியால் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் அமெச்சூர்கள் அமெரிக்காவில் பெருகினர். சிகாகோவின் தார்டார்சன் போன்ற நிறுவனங்கள் அவர்களுக்கென்றே மின்மாற்றி செய்து விற்றன. 1920களில் வெற்றிடக் குழாய் வந்து தீப்பொறித் தந்தியை ஒழித்தது. அந்தச் சந்தையும் அதோடு போயிற்று.

அடுத்த மின்மாற்றி விளம்பரப் பலகையிலிருந்து வந்தது. ஜார்ஜ் க்ளோட் 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் விளக்கை ஏற்றிக் காட்டினார். நியான் குழாய்க்கு ஒரு குணம் உண்டு: பற்றவைக்க மிகுந்த மின்னழுத்தம் வேண்டும், பற்றிய பிறகோ தடை சரிந்து, விட்டால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். எனவே நியான் மின்மாற்றியில் முதன்மைச் சுற்றுக்கும் துணைச் சுற்றுக்கும் நடுவே இரும்புத் தகட்டுக் கட்டுகளைச் செருகினார்கள். காந்தப்பாயத்தில் ஒரு பகுதி அந்தக் குறுக்கு வழியில் கசிந்துவிடும். வெளியீட்டை நேராக ஷார்ட் செய்தாலும் குறித்த மின்னோட்டத்துக்கு மேல் பெரிதாக ஏறாது.

டெஸ்லா சுருளுக்கு வேண்டியது இதுவேதான். பொறியிடைவெளி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் மின்மாற்றிக்கு அது ஒரு ஷார்ட். சாதாரண மின்மாற்றி அதைத் தாங்காது. நியான் மின்மாற்றி தாங்கும். மற்ற வேலைகளில் குறை என்று தள்ளப்படும் கசிவு இங்கே பெரும் கொடை.

ஆர்வலர்கள் தேடி வாங்குவது 15,000 வோல்ட், 30 அல்லது 60 மில்லி ஆம்பியர் வகை. துணைச் சுற்றின் நடுப்புள்ளி பெட்டியோடு சேர்த்துத் தரையிறக்கப்பட்டிருப்பதால், இரு பீங்கான் முனைகளும் தரையிலிருந்து 7,500 வோல்ட்டில் நிற்கும். அந்த 30 மில்லி ஆம்பியரே உயிரைப் பறிக்கப் போதுமானது. நன்றாக இசைவு செய்த சுருளில் 60 மில்லி ஆம்பியர் பெட்டி ஒரு மீட்டர் நீளக் கீற்றைத் தரும்.

ஆனால் இந்த மின்மாற்றியைக் கொல்வது எளிது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 15,000 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் மின்மாற்றியோடு ஏறக்குறைய 10.6 நானோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், அது மின்வழங்கலின் அதிர்வெண்ணிலேயே ஒத்ததிர்ந்து, மின்னழுத்தம் பெட்டி தாங்கும் அளவைத் தாண்டி ஏறும், காப்பு துளைபடும். இதனால் அதைவிட ஒன்றரை மடங்கு பெரிய மின்தேக்கி போடுவதும், முனைகளுக்குக் குறுக்கே பாதுகாப்பு இடைவெளி வைப்பதும் வழக்கமாயின. பெட்டிக்குள் நிரப்பியிருப்பது தார். செத்த மின்மாற்றியைப் பலநாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கரைந்து வரும் கருங்குழம்பைச் சுரண்டி, கரியேறிய பாதையைத் துடைத்து, எண்ணெயில் அமிழ்த்தி மீண்டும் உயிர்ப்பித்தவர்கள் பலர்.

1990களில் அமெரிக்க விதிகள் புதிய நியான் மின்மாற்றிகளுக்குத் தரைக்கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. தீ விபத்தைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் அந்தக் காப்புச் சுற்று டெஸ்லா சுருளின் துடிப்பைக் கசிவென்று எண்ணி மின்சாரத்தை வெட்டிவிடும். அதே காலத்தில் பரவிய, உயர் அதிர்வெண்ணில் ஓடும் மின்னணு வகையும் பொறியிடைவெளிச் சுருளுக்குப் பொருந்தவில்லை. பழைய இரும்புப் பெட்டிகளுக்குக் கிராக்கி கூடியது.

மாற்றுகள் சில உண்டு. எண்ணெய்க் கொதிகலனைப் பற்றவைக்கும் 10,000 வோல்ட் மின்மாற்றி சிறு சுருளுக்குப் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி சுமார் 2,000 வோல்ட்தான் தரும், ஆனால் அரை ஆம்பியரோ அதற்கு மேலோ ஓடும். தொட்டவர் பிழைப்பது அரிது. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தொடங்குபவர் இதை நாடுவது பெரும் பிழை. பெரிய சுருள் கட்டுவோர் தெருக்கம்பத்து மின்மாற்றியைத் தலைகீழாக, குறைந்த அழுத்தப் பக்கத்தில் மின்சாரம் கொடுத்து ஓட்டுகிறார்கள். உருண்டு திரண்ட அந்தக் கலத்தை அமெரிக்கர்கள் ‘கம்பத்துப் பன்றி’ என்று அழைக்கிறார்கள். அதில் கசிவுத் தகடு கிடையாது. மின்னோட்டத்தை அடக்க வெல்டிங் மின்மாற்றி போன்ற ஒன்றைத் தொடரில் சேர்த்தே தீர வேண்டும்.

2000க்குப் பின் பரவிய குறைக்கடத்திச் சுருள்களில் பொறியிடைவெளி இல்லை. மின்வழங்கலை நேர்மின்னோட்டமாக்கி, டிரான்சிஸ்டர்களே முதன்மைச் சுருளை ஒத்ததிர்வு வேகத்தில் இயக்குகின்றன. அவற்றின் அடியில் இரும்புப் பெட்டிக்கு இடமில்லை.