சஃப்ரன் – ஹியூஸ் கடற்போர்கள் (1782–1783)

1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை, சோழமண்டலக் கரையையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் ஒட்டிய கடலில் பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகள் ஐந்து முறை மோதின. பிரித்தானியப் படைக்கு எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுப் படைக்கு சஃப்ரனும் தலைமை தாங்கினர். அமெரிக்க விடுதலைப் போரையொட்டி உலகின் பல கடல்களுக்கும் பரவிய போரின் ஒரு பகுதி இது. ஐந்தாவது போர் நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

பின்னணி

1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும், ஆங்கிலேயர் அதே ஆண்டு பாண்டிச்சேரியைக் கைப்பற்றினர். 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிமீது படையெடுத்தார். ஆண்டு முடிவில் டச்சுக்காரருடனும் போர் மூண்டது. அவர்களிடமிருந்து நாகப்பட்டினத்தை 1781 நவம்பரிலும் திருகோணமலையை 1782 ஜனவரியிலும் ஆங்கிலேயர் பறித்தனர்.

சஃப்ரன் 1781 மார்ச்சில் பிரான்சிலிருந்து புறப்பட்டு, மொரீசியசு வழியாக வந்தார். வழியில் தளபதி தோர்வ் இறந்ததால், 1782 பிப்ரவரியில் தலைமை அவர் கைக்கு வந்தது.

துறைமுகமும் பருவக்காற்றும்

அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, மசூலா படகுகளே அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கப்பல்கள் அங்கே நிற்க முடியாது. பழுதுபார்க்க ஹியூஸ் பம்பாய்க்குச் செல்ல வேண்டியிருந்தது. சஃப்ரனுக்கோ அருகில் சொந்தத் துறைமுகமே இல்லை.

மொரீசியசுக்குத் திரும்புமாறு வந்த ஆணையை சஃப்ரன் ஏற்கவில்லை. தாம் போய்விட்டால் ஹைதருடனான கூட்டு குலையும் என்று அவர் கருதினார். ஐரோப்பாவிலிருந்து கடிதம் வந்துசேர மாதக்கணக்கில் ஆன காலத்தில், இத்தகைய முடிவைத் தளபதியே எடுக்க வேண்டியிருந்தது.

போர்கள்

1782இல் நான்கு போர்கள் நடந்தன: சதுரங்கப்பட்டினம் (பிப்ரவரி 17), புரொவிடியன் (ஏப்ரல் 12), நாகப்பட்டினம் (ஜூலை 6), திருகோணமலை (செப்டம்பர் 3). இவற்றில் எதிலும் இருதரப்பின் பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூடப் பிடிபடவோ மூழ்கவோ இல்லை. கரையில்தான் விளைவு தெரிந்தது. ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரன் திருகோணமலையைக் கைப்பற்றித் தமக்கென ஒரு துறைமுகத்தைப் பெற்றார்.

ஹைதரின் படையெடுப்பால் பாழான நாட்டில் சென்னை கடல்வழி வரும் தானியத்தை நம்பியிருந்தது. அக்டோபர் புயலில் அரிசிக் கப்பல்கள் பல உடைந்தன. நகரில் பஞ்சம் கடுமையானது.

கடலூர், 1783

1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். உள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை இருந்தது. கடலில் ஹியூஸிடம் 18 பெரிய போர்க்கப்பல்கள், சஃப்ரனிடம் 15. புஸ்ஸியின் வீரர்கள் சுமார் 1,200 பேரைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு, சஃப்ரன் ஜூன் 20 அன்று போரிட்டார். இருதரப்பிலும் ஏறத்தாழ நூறு பேர் வீதம் மாண்டனர். குடிநீர்த் தட்டுப்பாட்டாலும் ஸ்கர்வி நோயாலும் வாடிய ஹியூஸின் படை சென்னைக்குத் திரும்பியது. கடல்வழித் துணையை இழந்த முற்றுகைப் படை இக்கட்டில் சிக்கியது.

ஜூன் 29 அன்று சமாதானக் கொடியுடன் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது. முதற்கட்ட உடன்படிக்கை ஜனவரி 20 அன்றே வெர்சாயில் கையெழுத்தாகியிருந்தது.

விளைவு

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும் திருகோணமலை டச்சுக்காரருக்கும் திரும்பின. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றது. இவற்றை முடிவு செய்தது ஐரோப்பியப் பேச்சுவார்த்தை. கடலூர்ப் போரின் வெற்றி அதில் கணக்கில் வரவில்லை. பிரெஞ்சுக்காரர் விலகியதால் தனித்து நின்ற திப்பு சுல்தான், 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை வரை போரைத் தொடர்ந்தார்.